இளவரசி கடலில் விழுந்த புதன்கிழமை

இளவரசி லவீனியா கடலில் விழுந்தபோது அவருடைய இரண்டு காதுகளும் என் கோட்டுப் பையில் இருந்தன.

பதறாதீர்கள். காது என்று நான் சொல்வது காது கேட்பதற்காக வைத்துக்கொள்ளும் மிஷின்களை. கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். விழுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் கைக்குட்டையில் சுற்றி அவரே என்னிடம் கொடுத்தார். இதை இத்தனை வருஷமாக நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. பாவம், அந்த மனிதர் தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார். போன மாதம் இளவரசியும் தொண்ணூற்றிரண்டு வயதில் தூக்கத்திலேயே கண்மூடிவிட்டார். லண்டன் பத்திரிகைகள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டது போல 'போதையில் கடலில் விழுந்த இளவரசி மறைவு' என்று போட்டன. படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அறுபது வருஷம் ஓடி ஓடி உழைத்த மனுஷிக்கு இதுவா மிச்சம்? எங்கள் ஊர் உயிர்காப்புப் படகுக்கும் இப்போது புதுக் கொட்டகை வந்துவிட்டது, இனி யாராலும் அதை அசைக்க முடியாது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் போர்த்வெல்லனில் 'மெர்குரி' என்ற வாரப் பத்திரிகையில் வேலை பார்த்தேன். பூச்செடிப் போட்டி, சர்ச் விற்பனை, பிறப்பு, இறப்பு, அப்புறம் இளவரசி லவீனியா. இவ்வளவும் என் பொறுப்பு. அரண்மனை மாடத்தில் குடும்பமாக நின்று கையசைப்பார்களே, அதில் தூணுக்குப் பின்னால் ஒரு தொப்பி மட்டும் தெரியும். அந்தத் தொப்பிக்காரர்தான் லவீனியா. பட்டத்து வரிசையில் முப்பத்தோராவது ஆள். ஆனால் வருஷத்துக்கு முந்நூறு விழா. நாய்க் காப்பகம், முதியோர் இல்லம், பால் பண்ணை என்று மற்றவர்கள் போகச் சலித்துக்கொள்ளும் இடங்களுக்கெல்லாம் அவர்தான் போவார். கடலில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கும் எங்கள் ஊர் உயிர்காப்புப் படகுக்கும் அவர்தான் புரவலர். வருஷத்துக்கு ஒருமுறை புதன்கிழமை மதியம் நீலக் கோட்டில் வந்து இறங்குவார். லண்டனிலிருந்து ஒரு நிருபர் எட்டிப் பார்த்தது கிடையாது. நானும் டென்சிலும் மட்டும்தான் போவோம். டென்சில் எங்கள் புகைப்படக்காரன். கை சுத்தம், வாய் மட்டும் சாக்கடை.

இங்கே ஒரு ரகசியத்தைப் போட்டு உடைக்கிறேன். புதன் பன்னிரண்டு மணிக்கே எங்கள் பத்திரிகை அச்சுக்குப் போய்விடும். இளவரசி வருவது இரண்டு மணிக்கு. வியாழன் காலை கடைக்கு வரும் மெர்குரியில் விழாச் செய்தி இல்லையென்றால் ஊர் என்னைத் தின்றுவிடும். ஆக, செவ்வாய்க்கிழமையே எழுதி வைத்துவிடுவேன். இளவரசியின் தோழி மிஸ் ஹார்க்னஸ் தொலைபேசியில் கோட்டின் நிறத்தைச் சொல்வார். மீதியை நானே போட்டுக்கொள்வேன். படகைப் பார்வையிட்டார், படகுக்காரர்களோடு கைகுலுக்கினார், தேநீர் அருந்தினார், நான்கு மணிக்குப் புறப்பட்டார். இருபத்திரண்டு வருஷம் எழுதியதில் ஒரு எழுத்துகூட மாறி நடந்ததில்லை.

ஒரு வருஷம் மட்டும் பக்கத்தில் இரண்டு வரி இடம் மிஞ்சிவிட்டது. 'குங்குமப்பூ பன்னை ருசித்த இளவரசி அதன் செய்முறையைக் கேட்டறிந்தார்' என்று அடித்து விட்டேன். கேட்கவே இல்லை, சுத்தப் புளுகு. அடுத்த வருஷம் பார்த்தால் அந்த அம்மா நிஜமாகவே பன்னைக் கையில் எடுத்து, "இதை எப்படிப் பண்றீங்க?" என்று கேட்கிறார்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரி, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று விட்டுவிட்டேன்.

இளவரசி விழுந்த அந்த வருஷம் விஷயம் வேறு. படகு நிலையத்துக்கு ஐம்பது வயது. பித்தளைப் பலகை எல்லாம் செய்தாகிவிட்டது. அதே நேரம், நிலையத்தையே மூடிவிடலாமா என்று மாவட்டக் குழு அடுத்த செவ்வாய்க்கிழமை முடிவெடுக்கப் போகிறது. அடுத்த ஊரிலிருந்து படகு வர ஐம்பது நிமிடம் ஆகும். அதற்கு இரண்டு கோடைகாலம் முன்னால் மணல்திட்டில் விளையாடப் போன பதினொரு பள்ளிப் பிள்ளைகளைக் கடல் ஏறி வளைத்துக்கொண்டது. எங்கள் படகு ஒன்பது நிமிடத்தில் போய்ப் பதினொரு பேரையும் தூக்கி வந்தது. ஐம்பது நிமிடம் என்றால் பதினொரு சவப்பெட்டி செய்திருக்க வேண்டும். இதையெல்லாம் எழுதிக் குழுவுக்கு எட்டுக் கடிதம் போட்டோம். ஒன்றுக்கும் பதில் இல்லை.

புதன்கிழமை ஒன்றே முக்காலுக்குப் படகுக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தோம். படகுத் தலைவன் ஜாகோ என் அண்ணன் மகன். ராத்திரியெல்லாம் தூங்காத முகம்.

"லண்டன் பேப்பர்ல ஒரே ஒரு படம் வந்தாப் போதும் அத்தை. கமிட்டிக்காரங்களுக்கு உதறல் எடுத்துடும். உங்களுக்கு அங்க யாரையும் தெரியாதா?"

"எனக்கு யாரைடா தெரியும்? நான் பூசணிக்காய்ப் போட்டிக்கு எழுதறவ."

டென்சில் கேமராவைத் துடைத்தபடி சிரித்தான். "பலகை திறக்கிற படத்துக்கா லண்டன்ல அலையறானுங்க? நம்ம அம்மா முதல் பக்கத்துல வரணும்னா ரெண்டே வழிதான். ஒண்ணு, மண்டையைப் போடணும். இல்லையா, தண்ணியில விழணும்."

"நீ தள்ளி விட்டுடேன்," என்றான் ஜாகோ.

"நான் தள்ளிட்டா படத்தை யாருடா எடுக்கறது, உங்க பாட்டனா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்போது படகின் அந்தப் பக்கத்திலிருந்து நீலக் கோட்டு மெதுவாக வெளியே வந்தது. கால் மணி முன்னதாகவே வந்துவிட்டிருக்கிறார். எங்களுக்கு உயிரே போய்விட்டது. டென்சில் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. அவர் என்ன கோபித்துக்கொண்டாரா? இல்லை. ஒன்றும் காதில் விழாதது போல ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டே வந்து ஜாகோ முன்னால் நின்றார்.

"கடல் இப்ப ஏறுதா, வடியுதா தம்பி?"

"ஏறி முடிஞ்சுது மேடம். இன்னும் அரை மணியில வடிய ஆரம்பிக்கும்."

"கடலை ஒட்டிப் போட்டிருக்கற அந்த விழா மேடை ஓரத்துல ஆழம் எவ்வளவு?"

"பத்து அடி இருக்கும் மேடம்."

"பாறை கீறை உண்டா?"

"இல்லைங்க, வெறும் மணல்."

"படகை இறக்க எவ்வளவு நேரமாகும்?"

"ஆளுங்க உடுப்போட இருந்தா மூணே நிமிஷம். இன்னிக்கு எல்லாரும் உடுப்போடதான் இருக்கோம்."

"நல்லது," என்றார். "ரொம்ப நல்லது."

எழுபது வயதில் எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று நான் உருகிப் போனேன். மரமண்டை!

மேடைக்குப் போகும் வழியில் என் பக்கத்தில் வந்தார். காதருகே கையைக் கொண்டுபோய் எதையோ எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார். "இதைக் கொஞ்சம் வெச்சுக்குங்கம்மா. காத்துல ஒரே இரைச்சலா இருக்கு." இளவரசி கொடுத்தால் என்ன ஏது என்று கேட்க முடியுமா? வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேயர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். இளவரசி கயிற்றை இழுத்தார். திரை விலகியது. நாங்கள் கைதட்டினோம். அவர் பலகையை நன்றாகப் பார்ப்பதற்காக ஒரு அடி பின்னால் வைத்தார். தலையைச் சாய்த்துப் பார்த்து இன்னொரு அடி வைத்தார். அப்புறம் தோளுக்கு மேலே திரும்பிக் கடலை ஒரு பார்வை பார்த்தார். அதை நான் பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். தவறி விழுகிறவர்கள் யாராவது முதலில் திரும்பி இடம் பார்ப்பார்களா?

மூன்றாவது அடிக்குத் தரை இல்லை.

தொப்பென்ற சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. மேயரின் வாய் திறந்தபடியே நின்றது. மிஸ் ஹார்க்னஸ் "மேடம்!" என்று ஒரு கத்துக் கத்தினார். காவலுக்கு என்று மாவட்டம் ஒரே ஒரு கான்ஸ்டபிளைத்தான் அனுப்பியிருந்தது. அந்த மனிதர் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவர், குனிந்தபடியே இருந்தார். தண்ணீரின் மேல் தொப்பி மட்டும் மிதந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். நாலில் தலை மேலே வந்தது. அடுத்த நிமிடமே அலை அவரைக் கரையை விட்டு இழுத்துக்கொண்டு போனது.

"இறக்குடா! இறக்குடா!" என்று ஜாகோ அலறினான். படகு சரிவில் பாய்ந்து இறங்கியது. டென்சிலின் கேமரா மட்டும் நிற்காமல் கிளிக், கிளிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவனும் அழுதுகொண்டேதான் எடுத்தான். "என் வாயில புழு வைக்க, என் வாயில புழு வைக்க" என்று முனகியது எனக்குக் கேட்டது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மஞ்சள் உடுப்புப் போட்ட நான்கு பையன்கள் சேர்ந்து, நீலக் கோட்டில் நீர் சொட்டச் சொட்ட ஒரு இளவரசியைப் படகுக்குள் தூக்கினார்கள்.

கொட்டகையில் கம்பளி சுற்றி உட்கார வைத்தோம். பல் கிட்டித்து உதடு நீலமாகிவிட்டது. நான் ஓடிப்போய்க் கைக்குட்டையை நீட்டினேன். அவர் அதை வாங்காமல் என் விரல்களை அதன் மேலேயே மடக்கி மூடினார். காது கேளாதவர்கள் பேசுவது போலச் சற்று உரக்கவே கேட்டார்:

"படம் நல்லா வந்திருக்குமா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பக்கத்தில் இருந்த கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குளிர்காலக் கடலில், எழுபது வயதில், தெரிந்தே! என் தலை சுற்றி நிற்பதற்குள் இன்னொரு இடி இறங்கியது. மெர்குரி!

சுவர்த் தொலைபேசிக்கு ஓடினேன். எங்கள் ஆசிரியர் பாஸ்கோ எடுத்தார்.

"அச்சை நிறுத்துங்க! இளவரசி கடல்ல விழுந்துட்டாங்க!"

"எந்த அச்சை நிறுத்தறது? பாதி பேப்பர் வண்டியில ஏறிப் போயாச்சு. என்னது, விழுந்துட்டாங்களா? நீங்க தேநீர் குடிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க!"

"குடிச்சாங்க... இப்பத்தான் குடிக்கறாங்க..."

டென்சில் படச்சுருளை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் பறந்துவிட்டான். மறுநாள் காலை லண்டன் பத்திரிகைகள் ஒன்பதிலும் முதல் பக்கத்தில் அதே படம். நீலக் கோட்டு, மஞ்சள் உடுப்பு, வெள்ளை அலை. கீழே எங்கள் ஊர்ப் பெயர், படகின் பெயர், பதினொரு பிள்ளைகள் கதை, அடுத்த வாரம் மூடப் போகிறார்கள் என்கிற சேதி எல்லாம் இருந்தது. அதே கடையில், அதே அலமாரியில் மெர்குரியின் ஐந்தாம் பக்கத்தில் என் செய்தி: 'இளவரசி தேநீர் அருந்தி நான்கு மணிக்குப் புறப்பட்டார். விழா இனிதே நடந்தேறியது.'

கடைக்காரி மெரின் என்னைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் வின்னி, நீ எந்த ஊர் விழாவுக்குப் போனே? நாளைக்கு யார் சாகப் போறாங்கன்னும் எழுதி வெச்சிருக்கியா? என் பேர் இருந்தாச் சொல்லிடு, புது ட்ரெஸ் வாங்கணும்."

அது போகட்டும். வெள்ளிக்கிழமை வந்ததுதான் தாங்க முடியவில்லை. 'தேநீரா, வேறு ஏதாவதா?' என்று ஒரு பத்திரிகை கேட்டது. சனிக்கிழமை இன்னொன்று கேள்விக்குறியையும் எடுத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அம்மா ஒரு சொட்டு ஷெர்ரி மதுவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. மிஸ் ஹார்க்னஸைக் கூப்பிட்டேன்.

"மறுப்பு அனுப்பலையாம்மா? என்ன அநியாயம் இது!"

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு. "மேடம் எதையும் மறுக்கப் போறதில்லை. 'குடிச்சேன்னா தவறி விழுந்தேன்னு ஆகும். குடிக்கலேன்னா ஏன் விழுந்தேன்னு கேப்பாங்க' அப்படின்னுட்டாங்க."

தொலைபேசியை வைத்துவிட்டுக் கோட்டுப் பையிலிருந்த கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.

திங்கட்கிழமை பாஸ்கோ அழைத்து எதிரே உட்கார வைத்தார். மேஜை மேல் என் செய்தி, சுற்றிச் சிவப்பு வட்டம்.

"இத்தனை வருஷமா நடக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டு இருந்திருக்கீங்க. ஊரே சிரிக்குது வின்னி. வியாழக்கிழமை முதல் பக்கத்துல திருத்தம் போடறேன், 'எங்கள் நிருபர் பொய் எழுதினார்'னு. அதோட நீங்க வீட்டுக்குப் போயிடலாம்."

"நீங்களும் தெரிஞ்சுதானே அச்சுக்கு அனுப்பினீங்க?"

"எனக்குத் தெரியும்ங்கறது யாருக்குத் தெரியும்?" என்றார், கொஞ்சம்கூடக் கூசாமல். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா பக்கத்துல நீங்கதான் நின்னீங்க. யாரும் எழுதாத ஒரு விஷயம், ஒண்ணே ஒண்ணு கொண்டாங்க. எல்லாத்தையும் மறந்துடறேன்."

கைக்குட்டை அப்போதும் என் கோட்டுப் பையில்தான் இருந்தது. அதை மேஜையில் வைத்து அவிழ்த்தால் போதும். வேலை நிற்கும், என் மானம் நிற்கும், அந்த அம்மா குடிகாரி இல்லை என்பதும் ஊருக்குத் தெரியும். ஆனால் மறுநாள் செவ்வாய்க்கிழமை. 'இளவரசி வேண்டுமென்றே குதித்தார், எல்லாம் நாடகம்' என்று ஒரு வரி வந்தால் குழுவில் இருக்கும் எட்டுப் பேரும் சிரித்துக்கொண்டே கதவைப் பூட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த கோடையில் மணல்திட்டில் யார் பிள்ளையோ?

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றேன். "நான் மேயரைப் பாத்துட்டு இருந்தேன்."

"அந்த மூஞ்சியை எவனாவது பாப்பானா?" என்று பாஸ்கோ கத்தினார். எழுந்து வந்துவிட்டேன்.

செவ்வாய் மாலை நாலரைக்கு ஜாகோ என் வீட்டுக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினான்.

"என்னடா ஆச்சு? சொல்லித் தொலைடா!"

"எட்டுக்கு எட்டு, அத்தை! மூட மாட்டாங்களாம்! குழுத் தலைவரே எங்கூடப் படம் எடுத்துக்கணும்னு நிக்கறாரு!" சொல்லிவிட்டு அந்த ஆறடி ஆள் என் வாசல்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். நான் அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

புதன் காலை என் சாமான்களை எடுக்க மெர்குரிக்குப் போனேன். திருத்தம் அச்சுக் கோத்துத் தயாராக இருந்தது. என் பெயர் பெரிய எழுத்தில். இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருக்கும்போது பாஸ்கோவின் தொலைபேசி அடித்தது. அவர் எடுத்தார். எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து நின்றார்.

"சரிங்க... இல்லைங்க... சந்தாவா? எங்க பேப்பருக்கா? இருபத்திரண்டு வருஷமாவா?... ஆமாங்க, அஞ்சாம் பக்கம்... சரிங்க. அப்படியே ஆகட்டும்ங்க."

வைத்துவிட்டு என்னையே வெறித்துப் பார்த்தார்.

"யாருங்க?"

"மிஸ் ஹார்க்னஸ். இளவரசி நம்ம செய்தியைப் படிச்சாங்களாம். அதுல திருத்த வேண்டியது எதுவும் இல்லையாம். நாம எப்படியும் திருத்தம் போடுவோம்னு நெனச்சு, அது வேண்டாம்னு இளவரசியே கேட்டுக்கறாங்களாம்." பேப்பரை எடுத்து ஐந்தாம் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார். "இதுலயா? திருத்த எதுவும் இல்லையா?"

எனக்கு அந்தப் பேச்சில் பாதிதான் உள்ளே போனது. சந்தா. இருபத்திரண்டு வருஷம். நான் செவ்வாய்க்கிழமை மாலைகளில் அடித்த ஒவ்வொரு புளுகையும் அந்த அம்மா உட்கார்ந்து படித்திருக்கிறார். குங்குமப்பூ பன்! ஐயோ கடவுளே, அந்த பன்! நான் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்!

காலியாக்கிய இழுப்பறையை மறுபடி நிரப்பினேன். அன்றைக்கே மிஷின்கள் இரண்டையும் ஒரு பெப்பர்மிண்ட் டப்பாவில் பஞ்சு வைத்து மூடி மிஸ் ஹார்க்னஸ் பெயருக்கு அனுப்பினேன். பதில் ஒன்றும் வரவில்லை. அரண்மனை தினமும் வெளியிடும் அலுவல் பட்டியலில் மட்டும் அந்த நாளுக்கு ஒரு வரி இருந்தது: 'இளவரசி லவீனியா போர்த்வெல்லன் உயிர்காப்புப் படகு நிலையத்துக்குச் சென்றார்.' அவ்வளவுதான். தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வருஷமும் வந்தார். அதே நீலக் கோட்டு, உப்புக் கறை போகத் துவைத்தது. இந்த முறை லண்டனிலிருந்து நாற்பது கேமராக்கள். எல்லாம் கடலைப் பார்த்தே குறி வைத்து நின்றன. மேடை ஓரத்தில் ஜாகோவும் பையன்களும் கைகோத்து வேலி போட்டிருந்தார்கள். டென்சில் சர்ச்சில் நிற்பவன் போல வாயை இறுக மூடிக்கொண்டிருந்தான். நான் பாடம் கற்றுக்கொண்டவள். பாஸ்கோவிடம் சண்டை போட்டு அச்சை ஐந்து மணிக்குத் தள்ளி வைத்திருந்தேன். வெற்று நோட்டும் பென்சிலுமாக நின்றேன்.

இளவரசி என்னிடம் வந்து நின்றார். காது இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. நோட்டை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இந்த வருஷம் இன்னும் எழுதலையா?"

"இல்லை மேடம். இனிமே நடந்த பிறகுதான் எழுதறதுன்னு..."

அவர் முகம் நிஜமாகவே திகைத்துப் போயிற்று. நாற்பது கேமராக்களை ஒருமுறை பார்த்தார். கடலை ஒருமுறை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? அப்ப நான் இன்னிக்கு என்ன செய்யணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"